குதிகால் என்று சொல்லப்பட்ட இடம்

சலவைக் கடைக்குள் நுழைகிற யாரும் ரசீது வாங்குவதற்கு முன்னால், அங்கே கறை எடுக்கும் கறைக்காரரின் விசாரணையைத் தாண்டியாக வேண்டும். துணியை வெளிச்சத்தில் பிரித்துப் பிடிப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். கறையை ஒருமுறை முகர்வார். பிறகு கேட்பார்.

“இதுக்கு நீங்களா ஏதாவது போட்டீங்களா?”

முதலில் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அவர் விடமாட்டார்.

“எலுமிச்சம்பழம் தேய்ச்சிருக்கீங்க. அது போகலைன்னு உப்பு. அதுவும் போகலைன்னு பல்லு வெளக்குற பசை. சொல்லுங்க, போலீஸ்லயா பிடிச்சுக் கொடுக்கப் போறேன்?”

பின்னால் நிற்கும் வரிசை சிரிக்கும். துணிக்குச் சொந்தக்காரர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். அப்போதுதான் கறைக்காரருக்கு மனம் ஆறும். “என்ன சிந்துச்சு, என்ன போட்டீங்க, எத்தனை நாளாச்சு. இந்த மூணையும் மறைக்காம சொன்னா கறை போகும். மறைச்சா துணி போகும்” என்று தீர்ப்புச் சொல்லி ரசீது எழுதுவார்.

அவருடைய மேசைக்கு மேலே அவரே வண்ணம் தொட்டு எழுதிய பலகை ஒன்று தொங்கியது: ‘தேய்க்காதே. ஒற்று. முறுக்காதே. இழுக்காதே. நிறைய தண்ணீரில் அலசு.’ ஒரு முறை ஒரு டாக்டரம்மா, காப்பி சிந்திய பட்டுச் சால்வையை வெள்ளைத் துணிக்குப் போடும் வெளுப்பு மருந்தில் நனைத்துவிட்டுக் கொண்டுவந்தார். கறைக்காரர் அந்தப் பலகையை விரலால் சுட்டி, வரிசையில் நின்ற ஏழு பேருக்கு முன்னால் அதை வாய்விட்டுப் படிக்கவைத்தார். படித்த பெண்மணி, எழுத்துக்கூட்டாமல் படித்தார். சால்வை பிழைக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

ஒரு விடுதியிலிருந்து நாற்பது மேசை விரிப்புகள் வந்திருந்தன. எல்லாம் துருக்கறை. துருவுக்கு அமிலம்தான் கேட்கும். வேலை குவிந்ததால், இஸ்திரி இயந்திரத்தில் நிற்கும் மைத்துனனும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்தான். கையுறைகள் ஆணியில் தொங்கின. பரிசோதனைக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் அவை கைக்கு ஏறும். முப்பத்தொரு வருடம் ரசாயனத்தில் ஊறிய விரல்கள் கறைக்காரருடையவை. கொதிக்கிற டீ டம்ளரை விளிம்பில் பிடிக்காமல் நடுவில் பிடிப்பார். சூடும் உறைக்காது, எரிச்சலும் உறைக்காது. அதையும் ஒரு பட்டம் மாதிரி சொல்லிக்கொள்வார்.

மதியம் வரை அடக்கிப் பார்த்து, முடியாமல், பிரஷ்ஷைப் போட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினார். வெளியே வந்து, சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் மூன்று முறை கை கழுவினார். சுத்தத்தில் அவரிடம் யாரும் குறை சொல்ல முடியாது.

சாயங்காலமே அரிப்பு ஆரம்பித்தது. வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைத் தாழிட்டுப் பார்த்தார். ஆண்குறியின் முன்தோல் ஓரமாகச் சிவந்திருந்தது. அந்த இடத்துக்கு மொழியில் பேர் இல்லாமல் இல்லை. முன்தோல் என்று அகராதியிலேயே இருக்கிறது. ஆனால் ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவர் ஒரு தடவைகூட அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ‘அங்கே’ என்றுகூடச் சொன்னதில்லை. சொல்லாத இடத்துக்கு நோய் வந்தால் அதை எப்படி நோய் என்பது? சிவப்பாக இருக்கிறது. சிவப்பு என்றால் கறை. கறை என்றால் அவருக்குத் தெரியாததா?

செவ்வாய்க்கிழமை துணிக்குப் போடும் கட்டி சோப்பால் நுரை பொங்கத் தேய்த்தார். புதன்கிழமை சிவப்பு கூடியது. அழுக்கு அடியில் இருக்கிறது என்று முடிவுகட்டி, தரை துடைக்கிற வாளிக்கு ஊற்றும் கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் பஞ்சில் நனைத்து வைத்தார். பிறகு சொரசொரப்பான பூத்துண்டால் ஈரம் போகத் துடைத்தார். வியாழக்கிழமை வாசனைப் பவுடர் கொட்டினார். அது ஈரத்தில் களிமண்ணாகி மடிப்புக்குள் உட்கார்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை தோல் வீங்கி இறுகி, பின்னுக்கு நகர மறுத்தது. முகச்சவரக் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, பல்புக்கு நேராக நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

தையல் ஓரத்தில் நூல் பிரிகிற மாதிரி இரண்டு சின்னக் கீறல்கள் விழுந்தன. பொட்டுப் பொட்டாக ரத்தம்.

பலகை கடையில்தான் தொங்கியது, குளியலறையில் இல்லை.

அடுத்த முறை சிறுநீர் போனபோது அவர் போட்ட சத்தத்தில், சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

“என்னங்க? விழுந்துட்டீங்களா?”

“பல்லி.”

“பல்லிக்கா இப்படிக் கத்துவீங்க?”

“பெரிய பல்லி.”

சனிக்கிழமை மருந்துக் கடைக்குப் போனார். இரண்டு பெண்கள் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு போகும்வரை சத்து மாவு டப்பாவின் பின்பக்கத்தை முழுதாகப் படித்தார். பிறகு மருந்துக்கடைக்காரரிடம் குனிந்து, “தோல் வெடிச்சிருக்கு, ஏதாவது களிம்பு கொடுங்க” என்றார்.

“எங்கே வெடிச்சிருக்கு?”

கறைக்காரர் தன் உடம்பை மேலிருந்து கீழாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். எவ்வளவு தூரம் தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனார்.

“குதிகால்ல.”

“உங்க கடைத் தரையில என்னதான் ஊத்துறீங்க? இந்த வாரத்துல இது ரெண்டாவது குதிகால்” என்று சொல்லிக்கொண்டே, மருந்துக்கடைக்காரர் ஒரு களிம்பை நீட்டினார். தடித்த தோலை அரித்து மிருதுவாக்குகிற சரக்கு, கூடவே கற்பூரம். குதிகாலுக்கு நல்ல மருந்து. கறைக்காரர் அதை எங்கே தடவினார் என்று சொல்லத் தேவையில்லை. அன்று பல்லி குடும்பத்தோடு வந்தது என்று மட்டும் சொல்லலாம்.

திங்கட்கிழமைக்குள் அவர் ஒரு புது வழி கண்டுபிடித்திருந்தார். சிறுநீர் போனால்தானே எரியும்? தண்ணீர் குடித்தால்தானே சிறுநீர் போகும்? தண்ணீரை நிறுத்திவிட்டார். நீராவி அடிக்கிற கடையில், காலையில் குடிக்கிற அரை டம்ளரோடு நாள் முழுக்க நின்றார். சாயங்காலம் போனதோ நான்கே சொட்டு. அதுவும் கடுங்காப்பி நிறத்தில், அமிலத்துக்கு அண்ணன் மாதிரி.

“என்ன மாமா, குதிரை ஏறிட்டு வந்தாப்ல காலை அகட்டி நடக்கறீங்க?” நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்த மைத்துனன் கேட்டான்.

“இடுப்பு பிடிச்சிருக்குடா மச்சான்.”

“இடுப்புன்னா குனிஞ்சுல்ல நடப்பாங்க?”

“நீ டாக்டரா? போய் இஸ்திரியப் போடு.”

வீட்டில் நடந்தது வேறு. கறைக்காரர் ஊர்த் துணியெல்லாம் துவைத்தவர். ஆனால் கல்யாணமான இருபத்துநாலு வருடத்தில் வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூட நனைத்தவர் இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு வாரமாகத் தன் ஜட்டியைத் தானே துவைத்து, மொட்டை மாடியில் மூலைக் கம்பியில், பெரிய துண்டுக்குப் பின்னால் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு மூன்று குளியல் போட்டார். கூடத்தில் தனியாகப் பாய் விரித்துப் படுத்தார். அவர் ஒளித்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தால் எந்த மனைவிக்கும் ஒரே விடைதான் வரும்.

திங்கட்கிழமை சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அவள் நகராமல் நின்றாள்.

“யாரவ?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர் ஒரு கணம் தயங்கினார். சத்தியமாகத் தயங்கினார். அந்தப் பழிக்கும் இந்த உண்மைக்கும் நடுவே நின்று பார்த்தால், பழிதான் கொஞ்சம் கௌரவமாகத் தெரிந்தது. இன்னொருத்தி இருக்கிறாள் என்றால் ஊர் திட்டும். தோல் கிழிந்தது என்றால் ஊர் சிரிக்கும். திட்டு வாங்கியவன் நிமிர்ந்து நடக்கலாம். சிரிப்புக்கு ஆளானவன் எங்கே போவான்? ஏழு பேர் வரிசையில் மற்றவர்களை நிற்கவைத்துச் சிரிக்கவைத்தவருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

அவர் தயங்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். வாயத் திறந்து சொல்லலைன்னா பெட்டிய எடுத்துக்கிட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். அவன்கிட்ட நீங்களே காரணம் சொல்லிக்கங்க.”

தம்பி என்றால் இஸ்திரி மைத்துனன்தான். அவனுக்குத் தெரிந்தால் இயந்திரம் விடுகிற நீராவி வழியாகக்கூட அது வெளியே போய்விடும். ராத்திரி கண்ணை மூடாமல் யோசித்தார். மனைவியிடம் சொல்வதென்றால் என்ன சொல்வது? என்ன நோய் என்று அவருக்கே தெரியவில்லையே? விடிந்ததும் கடைக்குச் சொல்லியனுப்பிவிட்டு, இரண்டு பேருந்து மாறி, தன்னை அறியாத ஊர்க்கோடியில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போனார். வெளியே பலகையில் ஒரு ஆண் டாக்டரின் பெயர் இருந்தது. அதை இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டுதான் சீட்டு வாங்கினார்.

கதவைத் திறந்தால், உள்ளே பட்டுச் சால்வை டாக்டரம்மா.

“அவர் லீவு. செவ்வாய்க்கிழமை நான்தான் பார்ப்பேன். உட்காருங்க” என்றவர், நிமிர்ந்து பார்த்து ஒரு நொடி நிறுத்தினார். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி, “என்ன பண்ணுது?” என்றார்.

“குதிகால் வெடிப்பு.”

“செருப்பைக் கழட்டுங்க.”

கழற்றினார். டாக்டரம்மா விளக்கைத் திருப்பி வலது குதிகாலைப் பார்த்தார். இடது குதிகாலைப் பார்த்தார். நாள் முழுக்க ஈரத்தரையில் நிற்கிற கால், குழந்தையின் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது.

“நல்ல குதிகால். என் குதிகாலைவிட நல்லா இருக்கு.” நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “என்ன சிந்துச்சு, என்ன போட்டீங்க, எத்தனை நாளாச்சு. மறைக்காம சொன்னாக் கறை போகும். மறைச்சா என்ன போகும்னு நீங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க.”

கறைக்காரர் சுவரைப் பார்த்தார். சுவரில் கண் பரிசோதனை எழுத்துகள் இருந்தன. பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரை இறங்கி வந்துவிட்டு, சுவரிடமே சொல்லிவிட்டார். கட்டி சோப்பு, கிருமிநாசினி, பூத்துண்டு, பவுடர், கண்ணாடி, களிம்பு, நிறுத்திய தண்ணீர். முன்தோல் என்ற சொல்லையும் சொன்னார். அதற்குப் பிறகு கூரை இடிந்து விழவில்லை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“பார்க்கணும். ஆண் நர்ஸ் ஒருத்தர் இருக்கார், கூட நிக்கச் சொல்றேன். இல்லை, ஆண் டாக்டர்தான் வேணும்னா நாளைக்கு வாங்க.”

நாளைக்கு என்றால் மனைவி பெட்டியோடு போயிருப்பாள். “நீங்களே பாருங்க” என்றார்.

பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கை கழுவிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்.

“இதெல்லாம் நீங்க பண்ணின வைத்தியம். அதுக்கு முன்னாடி, முதல் நாள் என்ன நடந்துச்சு? அன்னிக்கு என்ன வேலை?”

“துருக்கறை. அமிலம்.”

“கையுறை?”

“ஆணியில இருக்கு.”

“கழிவறைக்குப் போனா கை கழுவுவீங்களா?”

கறைக்காரருக்கு ரோஷம் வந்தது. “மூணு தடவை கழுவுவேன். முழங்கை வரைக்கும்.”

“எப்போ?”

“வெளிய வந்ததும்.”

“முன்னாடி?”

கறைக்காரர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். முப்பத்தொரு வருடமாக அவர் கழுவிக்கொண்டிருந்தது எந்தக் கையை? உள்ளே போகும்போதுதான் அதில் அமிலம் இருந்தது. அவருடைய விரலுக்கு உறைக்காதது உலகத்தில் எதற்கும் உறைக்காது என்று யார் சொன்னது?

“உங்க விரல் முரட்டுக் கித்தான் துணி. அது பட்டு” என்றார் டாக்டரம்மா. அவ்வளவு நாள் அந்த வாக்கியத்தை வைத்திருந்தவர் போலச் சொன்னார். “பட்டுக்கு என்ன பண்ணுவீங்க, நீங்களே சொல்லுங்க.”

“தேய்க்கக் கூடாது.”

“ம்.”

“ஒத்தி எடுக்கணும்.”

“ம். அப்புறம்?”

“இழுக்கக் கூடாது.” இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

மிச்சத்தை டாக்டரம்மா சொன்னார். அந்த இடத்துக்குச் சோப்பு, கிருமிநாசினி, பவுடர் எதுவும் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, வெதுவெதுப்பான வெறும் தண்ணீர். தோல் வலிக்காமல் எவ்வளவு தூரம் பின்னால் போகிறதோ அவ்வளவு போதும். கழுவி, மெதுவாக ஒற்றி, தோலை மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பின்னால் இழுத்தது அங்கேயே மாட்டிக்கொண்டு முன்னுக்கு வராவிட்டால், மறைத்துக்கொண்டு வீட்டில் உட்காராமல் அன்றைக்கே, அந்த மணியிலேயே வர வேண்டும். சிறுநீர் போக முடியாவிட்டாலும், சீழோ காய்ச்சலோ வந்தாலும் அப்படித்தான். கீறல் ஆறும் வரை வாசனையில்லாத வெறும் வாஸ்லின் களிம்பை மெல்லிசாகத் தடவ வேண்டும். தளர்ந்த பருத்தி உள்ளாடை. தாம்பத்தியத்துக்குக் கீறல் முழுதாக ஆறும்வரை விடுமுறை. தண்ணீர் நிறைய. சிறுநீர் கெட்டியாக இருந்தால்தான் அதிகம் எரியும்.

“அப்புறம் ஒரு சர்க்கரை டெஸ்ட். இந்த வயசுல அங்கே தோல் திரும்பத் திரும்ப வெடிச்சா சர்க்கரையாகவும் இருக்கலாம். உங்களுக்கு அமிலம்தான் காரணம்னு தோணுது. ஆனா பார்த்துட்டா நிம்மதி.”

விரலில் ஊசி குத்தி உடனே பார்த்தார்கள். சர்க்கரை இல்லை. கறைக்காரர் எழுந்து, கும்பிட்டு, கதவுவரை போய்விட்டுத் திரும்பினார்.

“அந்தச் சால்வை...”

“அது போயிடுச்சு. உங்களுது பிழைச்சுக்கும். ஒரு வாரம் பொறுங்க.”

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் பெட்டி மூடித் தயாராக இருந்தது. மனைவி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். கறைக்காரர் எதிரே நின்றார். பேருந்தில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் இரண்டாவது பேருந்திலேயே இறங்கிப் போய்விட்டன. மருத்துவச் சீட்டை நீட்டினார். அவள் படித்தாள். பிறகு மடித்து அவரிடமே கொடுத்தாள்.

“உங்க வாயால சொல்லுங்க.”

சொன்னார். சுவரைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கிட்டே போனார். அழவில்லை.

“சிரிக்காதடி.”

“சிரிக்காம? நம்ம பொண்ணு பொறந்தப்போ எனக்கு ஏழு தையல். உங்கம்மா விசாரிச்சாங்க, உங்கக்கா விசாரிச்சாங்க, வார்டுல துடைக்க வந்தவங்க விசாரிச்சாங்க. பால்காரம்மாகூட ‘தையல் பிரிச்சாச்சா’ன்னு கேட்டுட்டுப் போனாங்க. எனக்கு வெக்கமா இருக்காதான்னு நீங்க ஒருநாள் கேட்டீங்களா? உங்களுக்கு ரெண்டு நூல் பிரிஞ்சதுக்கு ஒரு வாரம் ஊமை வேஷம், தனிப் பாய், பெரிய பல்லி!” சிரிப்பு அங்கே நின்றுவிட்டது. “யாரவன்னு நான் கேட்டப்போ தயங்கினீங்களே. அது மட்டும் எனக்கு ஆறாது.”

அதற்கு எந்தச் சீட்டிலும் மருந்து எழுதியிருக்கவில்லை.

அவள் எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். “குடிங்க. முழுசா.” அவர் குடித்து முடிக்கும் வரை நின்று பார்த்தாள். “இனிமே ஜட்டிய நான் பார்க்குற இடத்துல காயப்போடுங்க. மாடியில எடுத்துத் தொட்டுப் பார்த்தேன், சோப்பு அப்படியே விறைச்சு நிக்குது. ஊருக்கெல்லாம் பலகை எழுதி மாட்டின மனுஷன், தன் துணிய ஒழுங்கா அலசத் தெரியல.”

பெட்டியை அவளே உள்ளே எடுத்துப்போனாள். பாய் மட்டும் இன்னும் நாலு நாள் கூடத்திலேயே கிடந்தது. அந்த நாலு நாள் யார் விதித்தது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு வாரத்தில் கீறல் ஆறியது. கறைக்காரர் ஆணியிலிருந்து கையுறைகளை இறக்கினார். பிறகு தூரிகையும் வண்ணமும் எடுத்து, கடைக் கழிவறைக் கதவில் எழுதினார்: ‘உள்ளே போகும் முன் கை கழுவவும்.’

வேலைக்கு வந்த எல்லோரும் அதைப் படித்துச் சிரித்தார்கள். வயசாகிவிட்டது, முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் மறந்துவிட்டது என்றார்கள். கறைக்காரர் வண்ண டப்பாவை மூடிவைத்தார். காரணத்தைச் சொல்லிவிடலாம்தான். டாக்டரிடம் சொன்னார், மனைவியிடம் சொன்னார், மூன்றாவது ஆளுக்கு வாய் வரவில்லை. ஒரு வாரத்தில் திருந்தக்கூடியது தோல் மட்டும்தான்.

மத்தியான இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு மைத்துனன் அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்றான். அவன் சிரிக்கவில்லை. கால் இரண்டும் அகன்றிருந்தன.

“மாமா.”

“என்னடா?”

“எல்லா ஊர்லயும் வெளிய வந்தப்புறம் கழுவச் சொல்லித்தான எழுதுவாங்க? இங்க எதுக்கு முன்னாடி?”

கறைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நாற்பது மேசை விரிப்பு ஞாபகம் வந்தது. இவன் கையிலும் ஒரு பிரஷ் இருந்தது ஞாபகம் வந்தது. இரண்டு வாரமாக இவன் நாற்காலியில் உட்காராமலே டீ குடிப்பதும் இப்போதுதான் கண்ணில் பட்டது. மருந்துக் கடையில் கேட்டது கடைசியாக வந்தது: இந்த வாரத்துல இது ரெண்டாவது குதிகால்.

எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினார். வரிசை இல்லை, சிரிக்க யாரும் இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முப்பத்தொரு வருடமாக ஊரே கேட்கும்படி கேட்ட கேள்வியை முதல் தடவையாக ரகசியமாகக் கேட்டார்.

“அதுக்கு நீயா ஏதாவது போட்டியா?”

மைத்துனன் தரையைப் பார்த்தான்.

“குதிகால் களிம்பு, மாமா.”

“ரொம்ப எரிஞ்சிருக்குமே” என்றார் கறைக்காரர். நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு அவன் பக்கம் நகர்த்தினார். “உட்காரு. முதல்ல ஒரு சொம்புத் தண்ணி குடி. அப்புறம் எனக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன்.”